நாலு மணிக்குப் பிறகு

அத்தியாயம் 12

போன கிழமை தயாளினியைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு வந்தோமல்லவா? அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். ஒரு கையில் ஸ்கூட்டித் திறப்பு, தோளில் கிளினிக் பை, கண்ணுக்கு நேரே அப்பா விடியற்காலையில் அடித்துவைத்த தகரப் பலகை.

மூன்றாம் தரமும் வாசித்துப் பார்த்தாள். எழுத்து மாறவில்லை.

"கிணற்றில் பங்கில்லாதவர்கள் மாலை 4 மணிக்குப் பிறகு, வாளியால் மட்டும் அள்ளலாம். இங்ஙனம், நிர்வாகம்."

நிர்வாகமாம்! எழுபத்து மூன்று வயதுத் தியாகராசாவும் அவருடைய அரையில் தொங்கும் ஒரு திறப்பும். இந்த இரண்டும்தான் நிர்வாகம்.

இந்தக் கிழமைதான் கதைக்குள் வருகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தயாளினி மருத்துவமாது, வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கிற வேலை. வயது நாற்பது. கணவன் கஜீபனுக்கு வவுனியாவில் வேலை, மாதத்துக்கு இரண்டு தரம் வந்துபோவான். இலந்தையடியில் அவள் வீட்டில் அப்பாவும் அம்மா மீனாம்பிகையும் அவளோடு இருக்கிறார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஷெல் பின்னால் விழ விழ இந்த ஊரைவிட்டு ஓடினார்கள். இருபத்தெட்டு வருடம் பண்டத்தரிப்பில் ஓலைக் கொட்டிலிலும் தகரக் கொட்டிலிலும் கிடந்து, ஆமி காணியை விட்டுப்போன பிறகு திரும்பி வந்தார்கள். வந்து ஏழு வருடம் ஆகிறது.

கிணறு இரண்டு காணிக்கு நடுவில் இருக்கிறது. இரண்டு காணிக்கும் சரிபாதிப் பங்கு. மேற்குக் காணி இவர்களுடையது. கிழக்குக் காணி அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கைக்குச் சொந்தம். அவர் கனடாவில் இருக்கிறார். அந்தக் காணியை லவீனாவும் அவள் புருஷன் ஜெயதீபனும் குத்தகைக்கு எடுத்து, நாலு பரப்பில் வெங்காயம் வைத்திருக்கிறார்கள். புதனும் சனியும் அவர்களுடைய இறைப்பு முறை. காணி யார் கையில் இருக்கிறதோ முறையும் அவர் கையில் என்பது ஊர் வழக்கம்.

அப்பாவுக்கு இந்த வருடம் அந்த வழக்கம் கசந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கிணற்றைச் சுற்றி வேலி அடித்தார். புதன்கிழமை வேலிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். மாடு விழுந்துவிடும், பிள்ளைகள் விழுந்துவிடும் என்று அன்றைக்குக் காரணம் சொன்னார். இன்று சனிக்கிழமை. பலகை வந்துவிட்டது.

வேலிக்குக் கம்பி எங்கே எடுத்தார் தெரியுமா? ஆமி விட்டுப்போன முட்கம்பி. அவர்கள் நட்டுவைத்த அதே இரும்புக் கட்டைகள். எந்தக் கம்பி இருபத்தெட்டு வருடம் தியாகராசாவைத் தன் ஊருக்குள் விடாமல் மறித்ததோ, அதைச் சுருள் சுருளாகச் சேர்த்துவைத்து, அடுத்தவளை மறிக்கக் கட்டியிருக்கிறார். நல்ல கம்பியாம், வீணாக்கக்கூடாதாம்.

ஆனால் தயாளினியை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்தது கம்பி அல்ல. அந்த நாலு மணி.

அவள் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தது பாலபாடம் அல்ல, ஒரு பலகை. பண்டத்தரிப்பில் அவர்கள் கொட்டில் போட்டிருந்த வளவுக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் அது தொங்கியது. "இடம்பெயர்ந்தவர்கள் பி.ப. 4 மணிக்குப் பிறகு மட்டும்." அப்போது அவளுக்கு ஐந்து வயது. இ-ட-ம் என்று தொடங்கி முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, கெட்டிக்காரி என்று அப்பா தூக்குவார் என்று பார்த்தாள். அப்பா தூக்கவில்லை. இரண்டு வாளியையும் நிலத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

நாலு மணியானதும் அப்படியே அள்ளிவிடவும் முடியாது. வீட்டுக்கார அம்மா குசினிக்குள் இருப்பார். அப்பா வாளிக்கயிற்றைப் பிடித்தபடி, "அள்ளலாமோ?" என்று குரல் கொடுக்கவேண்டும். உள்ளேயிருந்து "ம்" என்று வரும். சில நாள் உடனே வரும். சில நாள் அவருக்குக் காது கேட்காது. அதே ஒழுங்கையில்தான் லூர்த்தம்மா என்ற மனிசி, விடியமுன் வேலிக்கு மேலால் ஒரு குடம் குடிதண்ணீர் தருவார், யாருக்கும் சொல்லாதையுங்கோ என்று. ஊர் என்றால் எல்லாரும் ஒரே மாதிரியா என்ன? ஆனால் பலகை எழுதுகிறவர்தான் ஊராகிவிடுகிறார்.

கொட்டிலுக்குத் திரும்பும்போது அப்பா ஒரு வார்த்தை சொல்லுவார். "மாரி வரும், பிள்ளை. எந்தக் கோடையும் கோடையாவே நிண்டதில்லை."

அந்த ஒரு வார்த்தையைத் தின்றுதான் அவள் வளர்ந்தாள் என்றே சொல்லவேண்டும். பரீட்சைக்குப் படித்ததும் அதை நினைத்துத்தான், மருத்துவமாதுப் பயிற்சிக்குப் போனதும் அதை நினைத்துத்தான்.

"அக்கா..."

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் லவீனா நின்றாள். இடுப்பில் பத்து மாதப் பிள்ளை. காலடியில் ஜெயதீபனின் மண்ணெண்ணெய் இறைப்பு மிசின், குழாய் சுற்றியபடியே கிடந்தது.

"ஜெயதீபன் எங்கை?"

"மேசன் வேலைக்குப் போட்டார் அக்கா. இருந்தா வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போடுவார் எண்டு நான்தான் போகச் சொன்னனான்."

"வெங்காயம் எப்பிடி?"

லவீனா திரும்பித் தோட்டத்துக்கு நடந்தாள். தயாளினி சுற்றிப்போய்ப் படலையால் கிழக்குக் காணிக்குள் இறங்கினாள். நாற்பத்தைந்தாம் நாள் வெங்காயம். கீழே காய் பருக்கிற நேரம். மேலே தாள் நுனி நுனியாக மஞ்சளடித்து, சோளகக் காற்றுக்குச் சாய்ந்து கிடந்தது. பாத்தி வரம்பில் செம்மண் பாளம்பாளமாக வெடித்திருந்தது.

"ஏழு நாள் தண்ணி இல்லை" என்றாள் லவீனா. "இண்டைக்கு நனைஞ்சா பிழைக்கும். புதன்கிழமை வரைக்கும் தாங்காது."

"நாலு மணிக்குப் பிறகு வாளியாலை நனைக்கட்டாம், வாசிச்சனியோ?"

"வாசிச்சனான்." லவீனா சிரித்தாள். "நாலு பரப்பை வாளியாலை நனைக்க எனக்கு எட்டுக் கை வேணும். பரவாயில்லை அக்கா. நீங்கள் ஐயாவோடை சண்டைக்குப் போகாதையுங்கோ. எங்களுக்கு உது பழக்கம்தானே."

லவீனா முகாமில் பிறந்தவள். அவளுடைய தாய்தகப்பனின் காணி இன்னும் விடுபடவில்லை. இருபத்தாறு வயதுக்குள் ஏழு இடம் மாறியவள். அவள் அழுதிருந்தால் தயாளினி கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருப்பாள். திட்டியிருந்தால் அப்பாவுக்காகப் பரிந்தும் பேசியிருப்பாள். பழக்கம் என்று சொல்லிச் சிரித்ததுதான் அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. கேவலத்துக்குப் பழகிவிட்டேன் என்று ஒருத்தி சிரிக்கிறாள், அதைப் பழக்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர்!

பிள்ளையின் நிறையைப் பார்த்து அட்டையில் குறித்தாள். மற்ற வீடுகளுக்குப் போய்வந்தாள். எந்த வீட்டில் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது.

பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தபோது, விறாந்தையில் நின்று அப்பா பேச்சுப் பழகிக்கொண்டிருந்தார். இன்று இரண்டு மணிக்குச் சனசமூக நிலையத்தில் அவருக்குப் பாராட்டு. ஊருக்குத் திரும்பி முதல் பயிர் வைத்த மூத்த கமக்காரர் என்று பொன்னாடை போர்த்தப்போகிறார்கள். வேட்டி தேய்த்து மடித்துக் கதிரையில் கிடந்தது. கையில் பேச்சு எழுதிய கடதாசி.

"நிலத்துக்கு மாரியும் கோடையும் மாறிமாறி வருவதுபோல, மனிதர்களின் தலைமுறைகளும் சுழன்று வருகின்றன. ஒரு தலைமுறை விதைக்கின்றது. ஒரு தலைமுறை காய்ந்து கருகுகின்றது. ஒரு தலைமுறை அறுவடை செய்கின்றது. இது இயற்கையின் நியதி..."

குசினிக்குள் அம்மா தேங்காய் திருவும் சத்தம் கேட்டது.

"அப்பா, கிணத்தடியிலை என்ன பலகை?"

"கண்டனியே? எழுத்து வடிவாயிருக்கோ? பெயின்ற் கொஞ்சம் ஊறிப்போச்சு."

"எழுத்து வடிவுதான். எழுதினதுதான் வடிவில்லை."

தியாகராசா கடதாசியை மடித்தார். "உனக்கு விளங்காது, பிள்ளை. தண்ணி மூண்டு முழம் இறங்கிப்போச்சு. கண்டபடி மிசின் போட்டா அடியிலையிருந்து உவர் ஏறும். பேந்து எங்களுக்கும் இல்லை, அவைக்கும் இல்லை."

அதில் பொய் இல்லை. சுண்ணாம்புப் பாறைக் கிணறு, மிதமிஞ்சி இறைத்தால் உப்பாகிவிடும். ஆனால் நியாயமான பயத்துக்குள் நியாயமில்லாத ஆசையை ஒளித்துவைப்பது மனிதருக்குக் கைவந்த கலை.

"அப்ப நேற்று எங்கடை மிசின் நாலு மணித்தியாலம் ஓடினது என்னத்துக்கு?"

"அது எங்கடை முறை."

"இண்டைக்கு அவையின்ரை முறை."

"முறை காணிக்காரருக்கு. குத்தகைக்கு வந்த ஆக்களுக்கு என்ன முறை? இண்டைக்கு வருவினம், நாளைக்குப் போவினம். உவையளை நம்பிக் கிணத்தை விடேலுமோ?"

இண்டைக்கு வருவினம், நாளைக்குப் போவினம். இதே சொல்லைப் பண்டத்தரிப்பில் ஒரு கடைக்காரர் அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்கு அப்பா கடனுக்குக் கேட்ட மாவை வாங்காமல் திரும்பி வந்து, கொட்டில் வாசலில் இருட்டும்வரை குந்தியிருந்தார். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்பார்கள். தியாகராசா ஆறு கடந்து ஏழே வருடம்தான் ஆகிறது.

"அப்பா, ஒண்டு கேக்கிறன். ஏன் நாலு மணி எண்டு போட்டனீங்கள்?"

"என்ன ஏன்?"

"மூண்டு இல்லை, அஞ்சு இல்லை. ஏன் நாலு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "வெய்யில் தாழுற நேரம்தானே. அதுதானே வழக்கம்."

"எந்த ஊர் வழக்கம்?"

அவருக்கு ஞாபகம் வரவில்லை. தயாளினி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடிக்கவில்லை, மறைக்கவில்லை, மனிதர் மறந்தே போய்விட்டார். பட்ட அவமானத்தை மறந்துவிட்டு, அதன் நேரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார். வேண்டுமென்று செய்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

"பண்டத்தரிப்புப் பலகை, அப்பா. நான் முதன்முதல் வாசிச்ச பலகை."

தியாகராசா மடித்த கடதாசியை இன்னொரு தரம் மடித்தார். பிறகு, தோற்கத் தெரியாதவர்கள் செய்வதைச் செய்தார். குரலை மெதுவாக்கினார்.

"பிள்ளை, நான் உனக்கு அப்ப என்ன சொன்னனான்? மாரி வரும் எண்டு சொன்னனான். வந்ததோ இல்லையோ? எங்களுக்கு இருபத்தெட்டு வருசம் கோடை. இப்ப எங்கடை மாரி. அவைக்கு இப்ப கோடை. அவைக்கும் ஒரு நாளைக்கு மாரி வரும். அது காலம் செய்யிற வேலை. ஆரும் ஒண்டும் செய்யேலாது."

அவளுடைய அந்த ஒரு வார்த்தையை, அவள் தின்று வளர்ந்த வார்த்தையை, எடுத்து லவீனாவின் வாசலுக்குப் பூட்டாகப் போட்டுவிட்டார்.

"காலம் செய்ததோ? மாரியை ஆர் அனுப்பினது எண்டு ஆருக்கும் தெரியாது, அப்பா. உந்தப் பலகையை ஆர் அடிச்சதெண்டு எனக்குத் தெரியும். ஆணியும் சுத்தியலும் இஞ்சை விறாந்தையிலைதான் கிடக்கு. வெய்யில் எரிச்சா மனிசர் ஆரோடை கோவிக்கிறது? பொறுத்துக்கொண்டு போகலாம். அவளின்ரை வெங்காயத்தை எரிக்கிறது வெய்யில் இல்லை. நீங்கள். எங்களைப் பின்னேரம் வரைக்கும் காயவைச்சதும் கோடை இல்லை. அந்த வீட்டுக்காரர். அவையும் உப்பிடித்தான் தங்கடை பிள்ளையளுக்குச் சொல்லியிருப்பினம், அது காலம் செய்யிற வேலை எண்டு."

"சத்தம் போடாதை. நல்ல காரியத்துக்குப் போற நேரம்."

"நல்ல காரியம்! ஊருக்குத்தான் உபதேசம் போலை."

குசினிக்குள் தேங்காய் திருவும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை.

தியாகராசா துவாயைத் தோளில் போட்டு, சவுக்காரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். அரையிலிருந்த திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளியதும் அவருக்கு முன்னால் மீனாம்பிகை உள்ளே போனார்! எந்த வழியால் வந்தார், எப்போது வந்தார் தெரியாது. கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. கிணற்றுக்கட்டில் ஏறி, வாளியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, நேரம் என்ன?"

"பன்னிரண்டேகால். ஏன்?"

"அப்ப பேந்து வாங்கோ."

"என்ன?"

"நாலு மணிக்குப் பிறகு வாங்கோ."

தியாகராசா சிரித்தார். "உனக்கென்ன விசரே? வாளியைத் தா."

"விசரில்லை. பங்கில்லாத ஆக்கள் நாலு மணிக்குப் பிறகு எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்? இந்தக் கிணறு என்ரை அம்மாவுக்கு அவவின்ரை அம்மா குடுத்த சீதனம். அம்மா எனக்குத் தந்தா. நான் தயாளினிக்கு எழுதியாச்சு. காணி உறுதியிலை உங்கடை பேர் எங்கை கிடக்கு? நீங்கள் புத்தூரிலையிருந்து மாப்பிள்ளையா வந்தனீங்கள்."

தயாளினி வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மண்ணில் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். வந்தவன் வேலி அடைக்கிறான், மரம் வைக்கிறான், பத்து வருடத்தில் அது தியாகராசா வீடு, தியாகராசா தோட்டம், தியாகராசா கிணறு என்று ஆகிவிடுகிறது. உறுதியில் மட்டும் பெண்ணின் பெயர் சத்தம் போடாமல் கிடக்கும். தயாளினிக்குச் சீதனம் எழுதியபோது காணி ஆமியின் கையில் இருந்தது. மாப்பிள்ளை பகுதிக்குக் காணி காட்டவேண்டுமே! அப்பா எல்லாரையும் கம்பி வேலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வெளியில் நின்று, "அந்த இரட்டைப் பனைக்கு அங்காலை கிணறு" என்று கைகாட்டினார். பார்க்கமுடியாத கிணற்றின் உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, கொட்டிலுக்குக் கொட்டில் நெஞ்சோடு அணைத்துக் காவியவர் அம்மா. ஊரே மறந்ததை அவர் மறக்கவில்லை.

"குத்தகைக்கு வந்தவள் எண்டாலும் லவீனாவிட்டை ஒரு எழுதின துண்டு கிடக்கு" என்றார் மீனாம்பிகை. "உங்களிட்டை என்ன கிடக்கு?"

நாற்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் அம்மா அப்பாவுக்கு இப்படி ஒரு கேள்வி போட்டதைத் தயாளினி கண்டதில்லை. அப்பாவும் கண்டதில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. முகம் கறுத்து, காது மடல் துடித்தது.

"அப்பிடியே? அப்ப ஒருத்தரும் அள்ளத் தேவையில்லை!"

கதவை அடித்துச் சாத்தினார். பூட்டினார். பெண்சாதி உள்ளே. கத்துவாள், கெஞ்சுவாள் என்று ஒரு நிமிடம் பார்த்தார். மீனாம்பிகை கிணற்றுக்கட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, விரலில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிக்கொண்டிருந்தார். தியாகராசா திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். குளிக்காமல் வேட்டியைக் கட்டினார், சாப்பிடாமல் சைக்கிளை எடுத்தார், திறப்போடு போய்விட்டார்.

"அம்மா!"

"எனக்கொண்டும் இல்லை. நீ அலவாங்கை எடுத்துக்கொண்டு வா."

தயாளினி பின்பக்கம் ஓடிப் பாரமான இரும்பு அலவாங்கை இழுத்துக்கொண்டு வந்தாள். மருத்துவமாதுச் சீருடையோடு அலவாங்கு பிடித்தவளை இந்த ஊர் அன்றைக்குத்தான் கண்டிருக்கும். பூட்டில் ஓங்கி இரண்டு போட்டாள். பூட்டு அசையவில்லை, புதுப் பூட்டு. மூன்றாவதைக் கட்டையில் போட்டாள். ஆமியின் இரும்புக் கட்டை. முப்பத்தைந்து வருடக் கறள் பிடித்து, வெளியே பெயின்ற் அடித்து, உள்ளே அரித்துப்போயிருந்தது. கொளுவி கழன்று, கதவு பூட்டோடு சேர்ந்து ஒருபக்கம் தொங்கியது.

"லவீனா! மிசினைக் கொண்டு வா!"

லவீனா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"அக்கா, நாலு மணி ஆகட்டுமே. ஐயா வந்தாரெண்டா..."

"நாலு மணி எண்ட கதை இனி என்ரை காதிலை விழக்கூடாது!" தயாளினி அலவாங்கை நிலத்தில் போட்டாள். "உன்ரை முறை உன்ரை முறைதான். விடிய ஆறு மணியிலையிருந்து உன்ரை முறை. ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை. பிள்ளையை அம்மாட்டைக் குடுத்திட்டு வந்து தண்ணி கட்டு!"

பிள்ளை மீனாம்பிகையின் மடிக்கு வந்தது. மிசின் மூன்றாவது இழுவைக்கு இருமி, நாலாவதற்குப் பிடித்தது. தண்ணீர் வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு ஓடி, முதல் பாத்திக்குள் பாய்ந்தது. வெடித்த மண் சர்ரென்று சத்தம் போட்டுக் குடித்தது. லவீனா மண்வெட்டியால் பாத்தி பாத்தியாக வாய் திறந்து, வாய் மூடி, ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்குப் பாதித் தோட்டம் நனைந்துவிட்டது. வெங்காயத் தாள் அதற்குள் நிமிர்ந்துவிடவில்லை. ஆனால் வேர் நனைந்துவிட்டது, பிழைத்துவிடும்.

இரண்டரைக்குத் தயாளினியின் போன் அடித்தது. கனடாவிலிருந்து அவளோடு கூடப்பிறந்த கிருஷாந் அண்ணை. அங்கே விடிய ஐந்து மணி.

"என்ன நடக்குது அங்கை? அப்பா எனக்குப் போன் எடுத்து அழுறார்."

"அழுறாரோ? கிணத்தைப் பூட்டினதையும் சொன்னவரோ? அம்மாவை உள்ளுக்கை வைச்சுப் பூட்டினதைச் சொன்னவரோ?"

"அவர் வயசான மனிசன். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அவரை வெளி ஆள் எண்டு சொல்லிப்போட்டியளாம்."

"நாங்கள் சொல்லேல்லை, அண்ணை. அவர் எழுதினதை அம்மா வாசிச்சுக் காட்டினா. அவ்வளவுதான்."

கிருஷாந் அடுத்துச் சொன்ன விதம் தயாளினிக்குப் பிடிக்கவில்லை. "நான் வாற கிழமை வாறன். ரிக்கற் போட்டாச்சு. அம்மாவின்ரை உறுதியை எடுத்து வை. அதை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும்."

"ஏன் பாக்கவேணும்?"

தொடர்பு அறுந்துவிட்டது. அறுந்ததா, அறுத்தானா? அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிள்ளை அம்மாவின் தோளில் நித்திரையாகியிருந்தது. எதையும் சொல்லாமல் போனைப் பைக்குள் வைத்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படலையடியில் சைக்கிள் மணி கேட்டது.

தியாகராசா பொன்னாடையை மடித்துச் சைக்கிள் கரியரில் வைத்திருந்தார். பேசினாரோ, பேச்சை விட்டுவிட்டு வந்தாரோ, கேட்க யாருக்கும் துணிவில்லை. கிணற்றடிக்கு வந்தார். தொங்கும் கதவைப் பார்த்தார். கட்டையில் அலவாங்கு விழுந்த தடத்தைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த மிசினைப் பார்த்தார். லவீனா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மிசினை நிறுத்தினாள்.

தியாகராசா வீட்டுக்குள் போய்த் துவாயை எடுத்து வந்தார். வேலிக்கு வெளியே, தான் அடித்த பலகைக்குக் கீழே, ஒரு கல்லில் குந்தினார். கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். மீனாம்பிகை பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அவரைத் திரும்பியும் பாராமல் குசினிக்குப் போனார்.

"ஐயா, வந்து குளியுங்கோவன்" என்றாள் லவீனா. அவளே ஒரு வாளி அள்ளிக் கிணற்றுக்கட்டில் வைத்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு, பிள்ளை."

வீம்பா, தண்டனையா? தயாளினிக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குந்தியிருப்பு அவளுக்குத் தெரியும். முதுகு அப்படியே வளைந்திருக்கும், இரண்டு கையும் அப்படியே கட்டியிருக்கும், பக்கத்தில் இரண்டு வாளி இருக்கும், அவற்றுக்குப் பின்னால் ஐந்து வயதில் அவள் நிற்பாள். அவர்மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. இவருக்காக ஏன் இரங்கவேண்டும்? பிள்ளையோடு வெயிலில் நின்ற லவீனாவுக்காக இவர் இரங்கினாரா? அன்றைக்கு நம்மை இருத்தியது எவ்வளவு அநியாயமோ, இன்றைக்கு இவர் செய்தது அதைவிட அநியாயம். அன்றைய வீட்டுக்காரருக்கு அந்த வலி தெரியாது. இவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் செய்தார்.

சனசமூக நிலையத்தில் இன்னும் கூட்டம் முடியவில்லை, ஒலிபெருக்கி எதையோ வாழ்த்திக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி.

தியாகராசா எழுந்தார். தொங்கும் கதவை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். லவீனா அள்ளிவைத்த வாளியைத் தொடவில்லை. அதை ஒருபக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வேறு வாளியை எடுத்துக் கயிற்றைக் கையில் சுற்றினார். சுற்றிய கயிற்றை விடாமல் நின்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பினார்.

"அள்ளலாமோ?"

அதே குரல். உரத்தும் இல்லை, மெதுவாகவும் இல்லை, உள்ளே இருப்பவருக்குக் கேட்கவேண்டிய அளவுக்கு மட்டும். பெண்சாதியைக் குத்திக் கேட்கிறாரா? அல்லது கை கயிற்றைப் பிடித்ததும் வாய் தானாகவே கேட்டுவிட்டதா? தயாளினி அவருடைய முகத்தைப் பார்க்க முன்னுக்கு வந்தாள். அவர் முகத்தைக் காட்டவில்லை.

குசினி வாசலில் மீனாம்பிகை நின்றார். அவருக்கு நன்றாகவே கேட்டது. அவர் வாய் திறக்கவில்லை.